நாலேகால் மணிக்கு வந்த நெடி

போன மாதம் ராயபுரத்தில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு முடித்து, நாற்காலிகளை ஃபேனுக்கு அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு பழைய தோழிகள் நாம் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோமே, அப்போது உங்களில் ஒருத்தி கேட்டாள்: "இன்னாடி, இன்னும் எயுதிக்கினுதான் கீறியா? தெனிக்கும் எயுத ஒனக்கு இன்னாதான் கெடைக்குது?" எல்லாரும் சிரித்தோம். நானும்தான். இன்னொருத்தி, "நம்ம வயசுல எதுக்குடி அதெல்லாம்? கம்னு பேரப் புள்ளைங்களப் பாத்துக்கினு கெட" என்றாள். அந்த நேரம் பார்த்து ஐஸ்கிரீம் வந்துவிட்டது. பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

விட்டது தப்பு. பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

முப்பது வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்தவள் நான். என்னை எழுத்தாளர் என்று யாரும் கூப்பிட்டதில்லை, கூப்பிடவும் வேண்டாம். தினமும் ஒரு பக்கம் எழுதுகிறேன். நீங்கள் சிரித்தாலும் எழுதுவேன். அந்தப் பழக்கம் ஏழாம் வகுப்பு முடித்த கோடை லீவில் பிடித்தது. அந்த லீவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் தெரு திருவொற்றியூரில், கடலுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் இருந்தது. கிழக்கே போனால் மணல். மேற்கே போனால் ஒரு ரசாயனக் கம்பெனியின் சுவர்; தெருவில் அதற்குக் கம்பெனி என்றுதான் பேர். காற்று கிழக்கிலிருந்து அடித்தால் கருவாட்டு வாசம், மேற்கிலிருந்து அடித்தால் கம்பெனி வாசம். காலையில் துவைத்துப் போட்ட வெள்ளைப் பாவாடையைச் சாயங்காலம் எடுத்து உதறினால் கறுப்பாகத் தூள் பறக்கும். அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். மழை வந்தால் நனைவோம் என்பது மாதிரி அதுவும் ஒன்று.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. இடது கையில் சுண்டுவிரல் கிடையாது. அம்மா விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து டோல்கேட்டில் உட்கார்ந்து விற்பாள். நைனாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, எங்களோடுதான் இருந்தார். அவருக்கு அந்தக் கம்பெனியில் வேலை, தற்காலிகம். நிரந்தரம் ஆனதும் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

தெரு முனையில் ஒரு படிப்பகம். கூரை போட்ட ஒரே அறை, இரண்டு பெஞ்சு, ஒரு நாளிதழ். வாசலில் ஆளுயரக் கரும்பலகை. காலையில் பேப்பர் வந்ததும் முக்கியச் செய்திகளைப் போர்டில் எழுதிப் போடுவார்கள், வேலைக்குப் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போவார்கள். எழுதிக்கொண்டிருந்த அண்ணனுக்குப் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை கிடைத்துவிட்டதால் போர்டு இரண்டு வாரம் வெறுமனே கிடந்தது. "பொட்டப் புள்ள ஸ்டூல் மேல ஏறி நின்னு எயுதறதா?" என்று சிலர் முனகினார்கள். படிப்பகத்துச் செயலாளர்தான், "அதோட கையெயுத்து அச்சு மாரி கீது. எயுதட்டும்" என்று சொல்லி எனக்கு அந்த வேலையைக் கொடுத்தார். அதை மறைக்கக்கூடாது. அவர் கொடுத்த சாக்பீஸ்தான் முதலில் என் கையில் இருந்தது.

வாரம் ஒருமுறை கோவை இலையையும் அடுப்புக் கரியையும் சேர்த்து அரைத்துப் போர்டில் பூசுவேன். காய்ந்ததும் சாக்பீஸ் அதன்மேல் வழுக்காமல் ஓடும். சாக்பீஸ்களை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். எழுதும்போது அந்தப் பவுடர் வாசமும் சேர்ந்து வரும். டப்பாவும் போச்சு, போர்டும் போச்சு. அந்த வாசனை மட்டும் சில காலைகளில் எங்கிருந்தோ வருகிறது.

எழுதினேன் என்று சொல்கிறேனே தவிர, உண்மையில் பார்த்துப் பார்த்துக் காப்பி அடித்தேன். தலைவர் டெல்லி போனார், அரிசி வந்தது, வெள்ளம் வந்தது. என் சொல் ஒன்றுகூட அதில் இல்லை.

போர்டு வேலை முடிந்ததும் சில நாள் அம்மாவுக்கு உதவியாக டோல்கேட்டுக்குப் போவேன். ஒருநாள் ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருவர் வந்து அன்னக்கூடையில் இருந்த வஞ்சிரத்தைக் காட்டிக் கேட்டார். அம்மா ஈயை விரட்டிக்கொண்டே, "அது வேணாம்மா. நேத்து மீனு, ஐசுல கெடந்துது. கொயம்புக்கு இந்த சங்கராவ எடுத்துக்க" என்றாள். நர்ஸம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்துக் கூடைக்குப் போனார். அங்கே இருந்ததும் நேற்றைய வஞ்சிரம்தான். பக்கத்துக்காரி சாமி மேல் சத்தியம் செய்து இன்றைய மீன் என்றாள். விற்றும்விட்டாள்.

எனக்கு அழுகையே வந்தது. "நீயும் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"வாய்ல வரலடி. நா இன்னா பண்றது?" என்றாள் அம்மா. பெருமையாகச் சொல்லவில்லை. பல் வலிக்கிறது என்று சொல்வது மாதிரி, எரிச்சலோடு சொன்னாள். மிஞ்சிய வஞ்சிரத்தை அன்று நாங்களே தின்றோம். எனக்கு அவள் மேல் இரண்டு நாள் கோபம்.

நெடி வந்தது அதற்கடுத்த வாரம்.

அன்று கடல் காற்று வரவேயில்லை. மதியத்திலிருந்து அனல் மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. எதிர் வீட்டு அக்கா வாசலில் உட்கார்ந்து என் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒன்றரை வயதுப் பையன் பக்கத்தில் ஒரு கரண்டியால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தான். முதலில் கண் எரிந்தது. யாரோ வெங்காயம் உரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு மூத்திரச் சந்தில் அடிக்குமே, அந்த நெடி. ஆனால் அதைப் போல நூறு மடங்கு. மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் கத்தி மாதிரி இறங்கியது. அக்கா இருமிக்கொண்டே எழுந்தாள். தெரு முழுக்க இருமல். "கடலுக்கு ஓடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். பாவாடையைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினோம். மணலில் போய் விழுந்து பார்த்தால், அக்காவின் தோளில் பையன் தலை தொங்கிக் கிடந்தான். உதடு நீலமாக இருந்தது. அக்கா அவனைக் கடல் தண்ணீரில் முக்கி எடுத்தாள், முதுகில் அடித்தாள், அவன் பேரைச் சொல்லிக் கத்தினாள். அப்போதுதான் தூரத்தில் கம்பெனியின் ஆபத்துச் சங்கு ஊதியது. ஐந்து மணி என்றார்கள்.

பையனை ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிழைத்துவிட்டான். இன்னும் பலருக்கு ராத்திரி முழுக்க வாந்தி. சித்தப்பா வரவில்லை. உள்ளே கழுவிவிடும் வேலை இருக்கிறது, இரண்டு நாள் ஆகும் என்று யாரிடமோ சொல்லி அனுப்பியிருந்தார்.

மறுநாள் காலை, பேப்பரை விரித்துக்கொண்டு ஸ்டூலில் நின்றேன். முதல் பக்கத்தில் இல்லை. உள் பக்கங்களிலும் இல்லை. மூலையில் பொடி எழுத்தில்கூட இல்லை. எனக்கு அது விளங்கவேயில்லை. இத்தனை பேர் ஓடினோமே, அது எப்படிச் செய்தி இல்லை? கண் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பேப்பரை மடித்துக் கீழே வைத்துவிட்டு எழுதினேன்:

"நேற்று மாலை ஐந்து மணிக்குக் கம்பெனியிலிருந்து நெடி வந்தது. உடனே சங்கு ஊதியது. நம் தெருவில் பலருக்கு மூச்சு முட்டியது. எதிர் வீட்டுக் குழந்தை மயங்கி விழுந்தது."

நான்கே வரி. வாழ்க்கையில் நானாக எழுதிய முதல் நான்கு வரி. 'மூச்சு' மட்டும் கோணலாக விழுந்தது.

அரை மணி நேரத்தில் கூட்டம். படிக்கத் தெரியாதவர்கள் தெரிந்தவர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு கிழவர் மூன்று முறை படிக்கச் சொன்னார். தங்களுக்கு நடந்தது போர்டில் இருக்கிறது என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. அப்புறம் செயலாளர் வந்தார். படித்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இன்னாமே இது? பேப்பர்ல வந்துதா?"

"வரல."

"பேப்பர்லயே வராதத நீ எப்டி எயுதுவ?"

"வந்துதே. எல்லாரும் ஓட்னோமே."

அவர் நேராக எங்கள் வீட்டுக்குப் போனார். கம்பெனிக்குத் தற்காலிக ஆட்களை அனுப்புவது அவர்தான். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நைனாவிடம் மெதுவாகத்தான் சொன்னார்: "ஒன் தம்பி பேரு பர்மனென்ட் லிஸ்ட்ல கீது. அடுத்த மாசம் ஆயிடும். இத்த எயுதுனது அவன் அண்ணன் பொண்ணுன்னு உள்ள தெரிஞ்சா அவ்ளோதான். பேஜாரு பண்ணாத. அயிக்கச் சொல்லு."

நைனா தெரு முனைக்கு வந்தார். கூட்டம் விலகியது. "அயி" என்றார்.

"நெஜந்தானே நைனா?"

இடது கையால் கன்னத்தில் ஒரு அறை விட்டார். நான்கு விரல் பதிந்தது. ஈரத் துணியை எடுத்து, எல்லாரும் பார்க்க, நானே அழித்தேன். கறுப்புத் தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகியது.

நைனா ஒரு கோழை என்று அன்று முடிவு செய்தேன். அந்த முடிவை வெகுகாலம் மாற்றிக்கொள்ளவில்லை. தினமும் விடியலில் துறைமுகக் கேட்டுக்கு வெளியே நின்று, இன்று உள்ளே கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று இருபது வருஷம் கழுத்தை நீட்டிப் பார்த்தவர் அவர். தம்பி அப்படி நிற்கக்கூடாது என்று நினைத்தார். எனக்கு இது எக்ஸ்போர்ட் கம்பெனி கேட்டில் நான் நின்றபோதுதான் புரிந்தது. புரிந்துவிட்டது என்பதற்காக அந்த அறை நியாயம் என்று சொல்லமாட்டேன். அவர் செய்தது தப்பு. நானும் அவரைத் தப்பாக நினைத்தேன். இரண்டும் உண்மை.

மத்தியானம் அம்மா வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு என் கன்னத்தைப் பார்த்தாள். தெருவில் யாரோ அதற்குள் சொல்லியிருந்தார்கள்.

"நீ எயுதுனது நெஜமா?"

"நெஜம்."

"அப்ப இன்னாத்துக்கு அயிச்ச?"

"நைனா அடிச்சிச்சு."

அம்மா கூடையைக் கழுவப் போய்விட்டாள். செதில் ஒட்டிய கையால் கூடையைத் தேய் தேய் என்று தேய்த்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடி வாங்கியது வலிக்கவில்லை. என் கையாலேயே அழித்தேனே, அதுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.

மூன்றாம் நாள் விடிந்ததும் போர்டுக்குப் போனேன். பேப்பர் இன்னும் வரவில்லை. ஸ்டூலில் ஏறி, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுதினேன்:

"நேற்று இங்கே எழுதியிருந்ததை நான் அழித்தேன். அழிக்கச் சொன்னார்கள், அழித்தேன். அது பொய் என்பதால் அழிக்கவில்லை."

எழுதிவிட்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்துகொண்டேன். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். அப்போது மேற்கிலிருந்து சித்தப்பா வந்தார். இரண்டு நாள் தூங்காத முகம், கண் இரண்டும் மிளகாய்ப் பழம், சட்டை விறைத்துப் போயிருந்தது. அவர் வேலையைத்தான் நான் பணயம் வைத்திருக்கிறேன் என்று தெருவுக்கே தெரியும். ஒதுங்கி வழி விட்டார்கள். அவர் போர்டைப் படித்தார்.

"நேத்து இன்னா எயுதியிருந்த? சொல்லு."

ஒப்பித்தேன். அந்த நான்கு வரி எனக்கு மனப்பாடம். ஐந்து மணி என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அஞ்சு மணின்னு ஒனக்கு யாரு சொன்னது?"

"சங்கு ஊதனப்போ அஞ்சு."

"சங்கு ஊதனது அஞ்சு. கேஸ உட்டது நாலேகால். நாலு மணி டீய குட்ச்சிட்டு உள்ள வர்றேன், சொவத்துல கடியாரம் கீது, பாத்தேன். மொதல்ல ஆபீசர்ங்க வண்டி எல்லாம் வெளிய போச்சு. அதுக்கப்பறம்தான் சங்கு." அவர் குரல் கரகரவென்று, பாதி காற்றாக வந்தது. "நீ எயுதுனது பொய்யிதான். உடனே சங்கு ஊதுனானுங்கன்னு எயுதி நீயே அவனுங்கள நல்லவனுங்களாக்கிட்ட. எயுதறதுன்னா கரீட்டா எயுது. இல்லன்னா எயுதாத."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. நைனா அடித்தபோதுகூட அப்படி ஆகவில்லை. துணியை எடுத்துப் போர்டு முழுவதையும் துடைத்தேன். யாரும் சொல்லாமல், நானாக. அவர் நகரவில்லை. நான் எழுதி முடிக்கும்வரை அங்கேயே, விழுந்துவிடாமல் இருக்கப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முந்தாநாள் மாலை நாலேகால் மணிக்குக் கம்பெனியிலிருந்து நெடி கிளம்பியது. சங்கு ஊதியது ஐந்து மணிக்கு. நடுவில் முக்கால் மணி நேரம் நமக்கு யாரும் சொல்லவில்லை. எதிர் வீட்டுக் குழந்தை மயங்கி விழுந்தது அந்த நேரத்தில்தான்."

சித்தப்பா ஒருமுறை படித்துப் பார்த்தார். தலையாட்டவில்லை, நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் அந்த விறைத்த சட்டையோடு படுத்துத் தூங்கிவிட்டார்.

நாலேகால் என்ற நேரம் உள்ளே இருந்தவனுக்குத்தான் தெரிய முடியும். மறுநாள் கம்பெனி கேட்டில் அவரை நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லிஸ்டில் பெயர் இல்லை. பேசி வைத்திருந்த பெண் வீட்டிலும் பின்வாங்கிவிட்டார்கள். செயலாளர் போர்டைக் கழற்றி, எழுதும் பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பிப் படிப்பகத்துக்குள் சாத்தி வைத்துவிட்டார். கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. விசாரிக்க யாரும் வரவில்லை. அடுத்த வருஷம் மறுபடி நெடி வந்தபோது சங்கு உடனே ஊதியது. அது எங்கள் போர்டால்தானா? எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதமாட்டேன்.

சித்தப்பா ஆறேழு மாதம் என்னோடு பேசவில்லை. காசிமேட்டில் படகு இன்ஜின் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு, கடைசிவரை அந்த வேலையே செய்தார். கல்யாணமும் வேறு இடத்தில் ஆயிற்று. பல வருஷம் கழித்து ஒருநாள் துணிந்து கேட்டேன், என் மேல் கோபமா என்று. கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீ எயுதாம இருந்திருந்தா எனக்கு வேல கெடைச்சிருக்கும். நான் டைம் சொல்லாம இருந்திருந்தாலும் கெடைச்சிருக்கும். ரெண்டு பேரும் சேந்துதான் தொலைச்சோம்." அப்புறம், "கோவம் இல்லாம இருக்குமா? கீது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். இப்படி ஒரு மனுஷனை நான் பார்த்திருக்கும்போது, அழகாக இருக்கட்டும் என்று ஒரு வரியைக் கூட்டியோ குறைத்தோ எப்படி எழுதுவேன், நீங்களே சொல்லுங்கள்.

போர்டு போன பிறகு நடந்ததையும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஒரு வாரம் நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. சித்தப்பா ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். எட்டாம் நாள் எதிர் வீட்டு அக்கா இடுப்பில் பையனோடு உள்ளே வந்தாள். பையன் தேறியிருந்தான், இருமல் மட்டும் போகவில்லை. அவள் கையில் பழைய காலண்டர் தாள்கள் ஒரு கட்டு.

"இன்னாடி, போர்டு இல்லன்னா எயுத மாட்டியா? இந்தா, பின்பக்கம் காலிதான்." தாளை என் மடியில் போட்டாள். "மொதல்ல எம் புள்ள பேர எயுது. எதிர் வூட்டுக் கொயந்தன்னு எயுதியிருந்தியே, எந்த வூட்டுக்கு எதுரு? அவனுக்கு நான் பேரு வெச்சிக்கீறேன்."

பேரை எழுதினேன். அவனுக்கு ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள், இப்போது எத்தனை முறை இருமுகிறான் என்பதையும் எழுதினேன். அவள் பின்னாலேயே இன்னொருத்தி வந்தாள், கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது என்றாள். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து அதையும் எழுதினேன். அம்மா அடுப்பில் மைதா மாவைக் கிண்டிப் பசை காய்ச்சிக் கொடுத்தாள். கேட்காமலேயே காய்ச்சினாள். தாளை எங்கள் வீட்டு வெளிச் சுவரில் ஒட்டினேன்.

சாயங்காலம் நைனா வந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். கிழித்தார்.

மறுநாள் இன்னொரு தாள் ஒட்டினேன். கிழித்தார். அம்மா அவரைப் பார்த்தாள், அவர் அவளைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாளும் ஒட்டினேன், மூன்றாம் நாளும் கிழித்தார். என்னை அடிக்கவில்லை. கிழித்த தாளைச் சுருட்டி அடுப்பில் போட்டுவிட்டுக் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார்.

நான்காம் நாள் ஒட்டிய தாள் அப்படியே இருந்தது. அவர் அதன் முன்னால் நின்றதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். வெகு நேரம் நின்றார். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். மனம் மாறியதா, அலுத்துப் போனதா, பசை கெட்டியாகிவிட்டதா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

ஐந்தாவது தாளை எடுத்து எழுத உட்கார்ந்தேன்.